ஒரிஜினல் சிம்மாசனம்

போன மாதம் உங்கள் ஸ்டுடியோவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, "மேடம், ஒரு பொருளைப் பார்த்து கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணும்போது முப்பது சதவீதம் மாத்திட்டா காப்பிரைட் பிரச்சினை வராதாமே?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஏதோ மழுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை ஒரு இடத்தில் உட்காரவிடவில்லை. எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்ட கணக்கோ அது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்திலேயே முப்பது சதவீதம்தான். ஊரில் எல்லா விலையும் ஏறியாச்சு, அது மட்டும் ஏறவே இல்லை.

நான் வக்கீல் இல்லை. சட்டம் வேண்டுமென்றால் சட்டம் படித்தவர்களிடம் போங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரம்பலூரில் ஒரு சிம்மாசனத்தை வைத்துக்கொண்டு நாங்கள் அல்லாடிய கதைதான். அதைச் சொல்கிறேன். படித்துவிட்டு அந்தத் தம்பி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டால், என்னிடம் கேட்க வேண்டாம்.

அப்போது 2005, 2006 இருக்கும். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்து, அடுத்து எப்போது பிரிப்பார்களோ என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த சமயம். பாலக்கரைப் பக்கம் ஒரு உரக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு ஹால், சில கம்ப்யூட்டர்கள், சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு ஏ.சி. தனபால் என்பவர் முதலாளி. அவரிடம் முப்பரிமாண மாடல் செய்யும் பிள்ளைகள் நாலு பேர். நான் அதற்கு முன் கம்ப்யூட்டர் சென்டரில் ஆட்டோகேட் வரைபடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே எனக்குச் செக்கிங் வேலை. பிள்ளைகள் செய்ததை வெளியே அனுப்புவதற்கு முன்னால் நான் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், ஆனால் எனக்கு உட்காரவே வராது. நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "அக்கா வந்து நின்னா மவுஸே பதறுது" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

சென்னையில் ஒரு கம்பெனி எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும். நாங்கள் செய்து கொடுக்கிற மாடல்களை அவர்கள் வெளிநாட்டில் கார்ட்டூன், கேம் செய்கிறவர்களுக்கு விற்பார்கள். யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று நமக்கு ஒன்றும் தெரியாது. கடையில் பாத்திரம் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த முறை வந்த ஆர்டர் ஒரு ராஜசபைக்கு வேண்டிய சாமான்கள். கிரீடம், வாள், பல்லக்கு, வெண்கொற்றக்குடை, படிக்கட்டுச் சிங்கம், எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக ஒரு சிம்மாசனம். சென்னைக்காரர் போனில் தனபால் சாரிடம் பேசினார். சார் ஹாலுக்கு வந்து, கைதட்டி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்து அறிவித்தார்.

"இங்க பாருங்க. எல்லாம் ஒரிஜினலா இருக்கணுமாம். காப்பி இருந்துச்சுன்னா ஆர்டரே போயிடும். செஞ்சவங்க அவங்கவங்க பேருல கையெழுத்து போட்டுக் குடுக்கணும். புரிஞ்சுதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஒரிஜினல் என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கவிழ்ந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரிஜினல் என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஒரிஜினல் நெய், ஒரிஜினல் பட்டு, ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸ். மிமிக்ரி செய்கிறவன் ஒரு குரலை அச்சு அசலாகப் பேசிவிட்டால், "அப்படியே ஒரிஜினல்டா!" என்று தட்டிக்கொடுக்கிறோம். சென்னைக்காரர் சொன்ன ஒரிஜினல், உன் சொந்தத் தலையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பது. எங்கள் ஹாலில் காதில் விழுந்த ஒரிஜினல், நிஜப் பொருளுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியக் கூடாது என்பது. ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டுக்கும் ஒரே சொல். யாருக்கும் சந்தேகமே வரவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை.

சிம்மாசனம் ஜெயக்கொடியிடம் போனது. பூலாம்பாடிப் பெண். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்தவள். நாலு பேரில் கை சுத்தம் அவளுக்குத்தான். ஒரு பொருளை ஒருமுறை பார்த்தால் போதும், அதன் வளைவு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பிடித்துவிடுவாள். அவள் சம்பளத்தில்தான் அவள் தம்பி திருச்சியில் படித்துக்கொண்டிருந்தான். தினமும் டவுன் பஸ்ஸில் வந்துபோவாள், ஒருநாளும் லீவு கேட்டதில்லை.

காப்பி என்றால் இன்டர்நெட்டிலிருந்து எடுப்பதுதான் என்று நினைத்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து அரியலூர் போய்விட்டாள். அங்கே மரகதம் என்று ஒரு பெண்மணி நாடகத்துக்கும் கல்யாண மேடைக்கும் சாமான்கள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த, பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்காரும் சிம்மாசனத்தைக் கேமராவில் பிடித்து, டேப் வைத்து அளந்துகொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் கைப்பிடியாக மயில்கள். பொதுவாக மயில் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும், இல்லையா? இதில் இரண்டு மயில்களும் கழுத்தைத் திருப்பி, உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மாடல் முடிந்த அன்று திரையைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள். "அப்படியே ஒரிஜினல்!" என்றார் தனபால் சார். ஜெயக்கொடிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

எனக்கு அந்த மயில் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் நெருடியது. இத்தனை நாள் செக்கிங் செய்ததில் ஒன்று தெரிந்துகொண்டிருந்தேன். ஒரு பொருளில் ஏதாவது ஒரு இடம், "அட, இதை எப்படி யோசிச்சாங்க?" என்று கேட்க வைத்தால், அதை யோசித்தவர் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் சென்னை பஸ்ஸில் சி.டி. போக வேண்டும். எல்லோரும் காலையிலேயே உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் நெருக்கி அடித்த ஒரு பக்கம். நான் அதை எடுத்துப் படித்தேன். இது என் சொந்தப் படைப்பு, வேறு யாருடைய படைப்பையும் பார்த்துச் செய்யவில்லை, நாளைக்கு யாராவது உரிமை கேட்டு வழக்குப் போட்டால் நானே பொறுப்பு என்று அதில் இருந்தது. கீழே ஜெயக்கொடியின் கையெழுத்து, பள்ளிக்கூடத்து நோட்டில் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

அவளைக் கூப்பிட்டேன். "ஜெயா, இந்தச் சிம்மாசனம் ஒரிஜினல்தானே?"

"ஒரிஜினல்தாங்க்கா. ஒரு இன்ச் கூட மாத்தல. சந்தேகம்னா அரியலூர் போயி நீங்களே வெச்சுப் பாருங்க."

அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். படிவத்தில் எழுதியிருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கியது.

"அப்ப நான் பொய் சொல்லிக் கையெழுத்து போட்டுட்டனாக்கா?"

"நீ பொய் சொல்லல. நீ சொன்னதுக்கு வேற அர்த்தம்."

"கேஸ் வந்தா எம் பேருலதானே வரும்?"

வரும் என்று சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது?

தனபால் சாரிடம் போனேன். அவர் சிரித்தார். "மேடம், சிம்மாசனம் ராஜா காலத்துலேருந்து இருக்கு. அதுக்கு எவன் வந்து உரிமை கேக்கப் போறான்?"

"சிம்மாசனம் யாருதும் இல்ல சார். இந்தச் சிம்மாசனம் ஒருத்தரோடது. மயில அப்படித் திருப்பணும்னு ஒருத்தர் யோசிச்சிருக்காங்க."

"அப்ப மயில எடுத்துட்டு அன்னத்த வெச்சிடுங்க. கலர மாத்துங்க. முப்பது பர்சன்ட் மாத்திட்டா போதும், நான் விசாரிச்சிருக்கேன்."

வந்துவிட்டதா உங்கள் முப்பது? சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று ஜெயக்கொடியும் நானும் உட்கார்ந்தோம். உட்கார்ந்தது அவள், நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். மயில் போய் அன்னம் வந்தது. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. முதுகுப் பலகையில் இருந்த பூ வேலை போய்ச் சூரியன் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழே உரக்கடையில் கணக்குப் பார்க்கும் சேகர், ஏ.சி. தண்ணீர் யூரியா மூட்டையில் சொட்டுகிறது என்று சண்டை போட மேலே ஏறி வந்தார். வந்தவர் திரையைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டார்.

"அட! இது என் கல்யாணத்துல நான் உக்காந்த சேரு! அரியலூர்லேருந்து வந்துச்சுல்ல? இந்தப் பறவைதான் என் பொண்டாட்டியவே முறைச்சிக்கிட்டு இருந்துச்சு."

அன்னத்தைத்தான் சொன்னார். பறவை மாறியதை அவர் கவனிக்கவே இல்லை. திரும்பிப் பார்க்கிற கழுத்தை மட்டும் கவனித்திருக்கிறார். கேள்வி கேட்ட தம்பி, எத்தனை சதவீதம் மாற்றினாய் என்பது கணக்கே இல்லை. எதை மாற்றாமல் விட்டாய் என்பதைத்தான் பார்க்கிறவர் பார்க்கிறார். நாங்கள் சிம்மாசனத்தின் துணிமணியை மாற்றியிருந்தோம், ஆள் அதே ஆள்தான்.

"அரியலூர் போயி கேட்டுட்டு வந்துடலாம்" என்றேன். தனபால் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். கேட்காமல் இருப்பதே நல்லது என்பது அவர் கட்சி. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, ஜெயக்கொடியையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்குத் தெரிந்து அவசரமாக எடுத்த முடிவுகளில் அது ஒன்றுதான் சரியாக இருந்திருக்கிறது.

பஸ்ஸில் ஜெயக்கொடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன, பஸ் அவற்றின் பின்னால் ஊர்ந்தது. நான் டிரைவருக்குக் கேட்கிற மாதிரி 'ச்சூ', 'ச்சூ' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "ஆஸ்பத்திரிக்கா போறீங்க?" என்று கேட்டார்.

மரகதம் கடை வாசலில் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேனுக்குள் நின்ற கணவருக்குத் தூண் தூணாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜயங்கொண்டத்தில் மறுநாள் முகூர்த்தமாம். ஜெயக்கொடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வா. என்ன, தேதி வெச்சாச்சா?"

எங்களுக்குப் புரியவில்லை.

"கல்யாணத் தேதிதான். அன்னிக்கு டேப்பு வெச்சு அளந்துட்டுப் போனியே. மண்டபத்துல வெக்க எடம் பத்துமான்னு பாக்குறன்னு நெனச்சேன். உன்ன உக்கார வெச்சு நானே போட்டோ வேற எடுத்துக் குடுத்தேனே?"

போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று இவள் கேட்டிருக்கிறாள், எடுத்துக்கோ என்று அவர் சொல்லியிருக்கிறார். அனுமதி வாங்கிவிட்டேன் என்று இவள் நினைத்தாள். கல்யாணப் பெண் ஆசையாகக் கேட்கிறாள் என்று அவர் நினைத்தார். அங்கேயும் ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த தூணைக் கீழே வைத்துவிட்டார்.

"கம்ப்யூட்டர்ல செஞ்சா என்னாகும்?"

"அத வெளிநாட்டுல விப்பாங்க. வாங்குறவங்க படத்துல போடுவாங்க, கேம்ல போடுவாங்க."

"அதப் பாத்து இன்னொருத்தன் மரத்துல செஞ்சு வாடகைக்கு உட்டா?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படியெல்லாம் நடக்காதுங்க என்று சொல்லியிருந்தால் அவர் சரி என்றிருப்பார், எங்களுக்கு அடுத்த பஸ் கிடைத்திருக்கும். "தடுக்க முடியாதுங்க. யாரு வாங்குறாங்கன்னே எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னேன்.

அவர் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சிம்மாசனம் மூலையில் துணி போட்டு மூடி இருந்தது. துணியை இழுத்துவிட்டு மயிலின் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கல்யாணத்துல வர்றவங்க எல்லாம் போட்டோகிராபரப் பாக்குறாங்க, வீடியோவப் பாக்குறாங்க, பந்தியப் பாக்குறாங்க. உக்காந்திருக்க ரெண்டு பேர எவனும் பாக்குறதில்ல. அதான் இதுங்களாவது பாக்கட்டும்னு திருப்பி வெக்கச் சொன்னேன். ஆசாரி முடியாதுன்னாரு, கழுத்து ஒடிஞ்சுடும்னாரு. ரெண்டு தடவ ஒடிஞ்சுது. மூணாவது தடவதான் நின்னுச்சு." துணியை மறுபடி போட்டு மூடினார். "வேணாங்க. நான் குடுக்கல."

ஜெயக்கொடி பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இருந்தது. "ஏம்மா, இவ்வளவு அளந்தவ, சொந்தமா ஒண்ணு யோசிச்சிருக்கக் கூடாதா?"

திரும்பி வரும் பஸ்ஸில்தான் ஜெயக்கொடி வாயைத் திறந்தாள். அழுகையும் ஆத்திரமுமாகப் பேசினாள். "யாருக்கா என்ன யோசிக்கச் சொன்னாங்க? ஸ்கூல்ல போர்டுல இருக்கிறத அப்படியே எழுதச் சொன்னாங்க. பாலிடெக்னிக்ல ரெக்கார்ட் நோட்ல ஒரு கோடு மாறுனாலும் திரும்ப வரையச் சொன்னாங்க. அப்படியே செஞ்சா கெட்டிக்காரின்னாங்க. இன்னிக்கு மட்டும் திடீர்னு யோசின்னா நான் எங்கேருந்து யோசிப்பேன்?"

உங்களில் பல பேரை அப்படித்தான் வளர்த்துவிட்டு, வேலைக்கு வந்த முதல் நாளே கற்பனை எங்கே என்று கேட்கிறோம். எனக்கு அதில் வெட்கம்தான்.

தனபால் சார் எங்களுக்காகப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வெடித்தார். "கேக்காம இருந்தா தெரியாமச் செஞ்சோம்னு சொல்லியிருக்கலாம். இப்ப வேணாம்னு சொன்னதுக்கப்புறம் எப்படி அனுப்புறது? நீங்க கேட்டதுதான் மேடம் தப்பு!"

ஒரு விதத்தில் அவர் சொன்னது உண்மை. ஒருவரிடம் போய்க் கேட்டுவிட்டால், அவர் சொல்லும் 'வேண்டாம்' என்ற வார்த்தைக்கும் கட்டுப்பட வேண்டும். சரி என்ற பதில் மட்டும் வேண்டும் என்றால் கேட்கவே போகக் கூடாது. நான் அதைச் சொன்னதும் அவருக்கு இன்னும் கோபம் ஏறியது. "சிம்மாசனம் இல்லாம செட்டு முழுசாகாது. இந்த ஆர்டர் கெட்டுச்சுன்னா அந்தப் பொண்ண வெச்சிருக்க முடியாது, சொல்லிட்டேன்" என்றார். ஜெயக்கொடி காதில் விழும்படிதான் சொன்னார்.

சென்னைக்கு நானே போன் செய்தேன். சிம்மாசனம் இன்றைக்கு வராது, நாங்கள் செய்து வைத்திருப்பது வேறு ஒருவருடையது, அவர் சம்மதிக்கவில்லை என்று சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப மத்ததெல்லாம் உங்களுதுதானா, மேடம்?"

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். மற்ற மூன்று பிள்ளைகளும் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. ஒரிஜினல் என்ற வார்த்தை அவர்களுக்கும் அதே காதில்தான் விழுந்திருக்கிறது.

மறுநாள் சாயங்கால பஸ் வரைக்கும் அவகாசம் கேட்டு வாங்கினேன். பிறகு ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று, எங்கே பார்த்துச் செய்தாய் என்று கேட்டேன். படிக்கட்டுச் சிங்கம் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் பார்த்தது. அதற்குச் சோழனிடம் போய் அனுமதி வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். ஆனால் கல்லின் நிறத்துக்காக ஒரு காலண்டர் போட்டோவை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கல் பழசு, போட்டோ புதுசு, அதைப் பிடித்தவர் எங்கோ இருக்கிறார். அதை உரித்தெடுக்கச் சொன்னேன். பல்லக்கும் குடையும் செட்டிகுளம் கோயில் உற்சவத்தில் பார்த்து மனதிலிருந்து செய்தவை, அவற்றில் குறையில்லை. கிரீடம் ஒருவன் தன் இஷ்டத்துக்குச் செய்தது. கோணலாக இருந்தது, அதனாலேயே எனக்கு நிம்மதியாக இருந்தது. வாள் ஒரு வீடியோ கேமில் இருந்து வந்தது. பிடியில் இருந்த மண்டையோட்டின் உடைந்த பல் வரைக்கும் விடாமல் செய்திருந்தான் அந்தப் பையன். அந்த உடைந்த பல்லும் யாரோ ஒருவர் யோசித்துதானே உடைத்திருப்பார்? அதை அழித்துவிட்டுச் சாதாரண வாளாகச் செய்யச் சொன்னேன். அவன் முனகிக்கொண்டே செய்தான்.

மறுநாள் காலை ஜெயக்கொடி பழைய சிம்மாசனத்தைத் திறக்கவே இல்லை. வெற்றுத் திரை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் போய்ப் பார்த்தேன். "ஏதாவது தோணுதா? ஒரு கோடாவது போடேன்." பஸ் போய்விடும் என்ற பயம் எனக்கு. மவுஸைப் பிடுங்கி நானே ஏதாவது செய்துவிடலாமா என்று கை பரபரத்தது. கடைசியில் அவள் திரும்பினாள்.

"அக்கா, உங்கள ஒண்ணு கேக்கட்டுமா? கீழ போயி டீ குடிச்சிட்டு வாங்க. மெதுவாக் குடிங்க."

போனேன். மெதுவாகக் குடிக்க எனக்கு எங்கே வரும்? சூடாக விழுங்கிவிட்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டு, உரக்கடையில் சேகரிடம் ஏ.சி. பற்றிப் பேச்சு வாங்கிக்கொண்டு, எத்தனை முடியுமோ அத்தனை நேரம் ஓட்டிவிட்டு ஏறினேன்.

திரையில் நான்கு நெட்டைக் கால்கள் நின்றுகொண்டிருந்தன. மேலே ஒரு சின்னப் பலகை. பக்கவாட்டில் ஏணி. நம் பக்கத்து மக்காச்சோளக் காட்டில் பறவை விரட்டப் போட்டிருப்பார்களே, அந்தப் பரண். அதற்குத்தான் பட்டு மெத்தை போட்டு, கால்களில் பொன் பூண் கட்டியிருந்தாள்.

"என்ன ஜெயா இது?"

"சிம்மாசனம்தாங்க்கா. ராஜான்னா காவக்காரர்தானே? காவக்காரர் கீழ உக்காந்தா எப்படித் தெரியும்? காட்டுல எங்கப்பா பரண் மேல உக்காந்தாத்தான் எங்களுக்குத் தைரியமா இருக்கும். ராஜா அப்பப்ப எறங்கி வரணும், அதுக்கு ஏணி. மேல ஏறுறது அவ்வளவு சுலபமா இருக்கக் கூடாதுன்னு ஏணில ஒரு படியக் கொறச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பரண் யாருடையதும் இல்லை. அதில் ராஜாவைக் கொண்டுபோய் உட்கார வைத்து ஒரு படியைக் குறைத்தது ஜெயக்கொடி. புதுப் படிவம் ஒன்றை அவளிடம் கொடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்தும் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பழைய தாளில் யோசிக்காமல் போட்ட கையெழுத்தை இதில் போட அவளுக்கு அவ்வளவு தயக்கமாக இருந்தது. போட்டாள். பழைய தாளை நான்தான் கிழித்தேன்.

சி.டி. பஸ் ஏறியது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். கோணல் கிரீடத்தைக்கூட எடுத்துக்கொண்டார்கள். சிம்மாசனத்தைத் திருப்பிவிட்டார்கள். "ராஜா ஏணி ஏறியா உக்காருவாரு? பாக்கவே நல்லால்ல" என்றாராம் சென்னைக்காரர். சிம்மாசனத்தை வேறு ஊரில் வேறு யாரிடமோ செய்து வாங்கிக்கொண்டார்கள். எங்கே பார்த்து எதைச் செய்தார்களோ, நான் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் தனபால் சார் சொன்னபடியே செய்தார். ஆர்டர் கெடவில்லையே, ஒரு பொருள்தானே திரும்பி வந்தது என்று நான் சண்டை போட்டுப் பார்த்தேன். குரலை உயர்த்தியும் பார்த்தேன். கம்பெனியின் நம்பிக்கை போய்விட்டது, அடுத்த ஆர்டர் குறைந்துவிட்டது, ஒரு ஆளைக் குறைத்தாக வேண்டும் என்றார். அவளை ஏன் என்று கேட்டால், திரும்பி வந்தது அவள் செய்ததுதானே என்றார். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. சரியாக நடந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம்தான். நான் பார்த்தது அதுவல்ல.

ஜெயக்கொடி கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். என்னால் சும்மா நிற்க முடியாமல் பஸ் போர்டுகளைப் படித்துக்கொண்டே அங்கும் இங்கும் நடந்தேன். அவள் தன் பரண் சிம்மாசனத்தை ஒரு சி.டி.யில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் செருகியிருந்தாள். தம்பியின் படிப்பு என்னாகும் என்று கேட்டேன், திருச்சியில் வேலை தேடப் போகிறேன் என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அந்தாளு நல்லால்லன்னு சொன்னத மனசுல வெச்சுக்காத ஜெயா."

அவள் பூலாம்பாடி பஸ்ஸில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"வெச்சுக்குவேங்க்கா. இதுவரைக்கும் எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னது எல்லாமே வேற யாரோடதோ. நல்லால்லன்னு சொன்னது மட்டுந்தான் என்னுது."